மன்னிக்கலாம், ஆனால் அதைத் ‘தவறு’ என்று சொல்லி அல்ல

கல்லாவில் கை வைத்தவர் பிடிபட்டதும் சுற்றி இருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏதோ தெரியாம பண்ணிட்டாரு, சின்னத் தவறு, விட்டுடுங்க.” விட்டுவிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சில்லறைத் திருட்டுகளில் பாதிக்கு மேல் மன்னித்து விடத் தக்கவைதான். எனக்கு உறுத்துவது அந்தத் ‘தெரியாம’. தெரியாமல் எடுத்திருந்தால் அங்கே மன்னிக்க எதுவுமே இல்லை. தெரிந்து எடுத்திருந்தால்தான் மன்னிப்பு என்ற பேச்சே வரும்.

சட்டமும் இந்த இடத்தில் கறார்தான். இந்தியாவின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் திருட்டு. தன்னுடைய பொருள் என்று உண்மையாகவே நம்பி எடுத்தவர் திருடவில்லை என்று அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டுகளில் ஒன்றே சொல்கிறது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்திலும் இதே கோடு உண்டு. ‘எனக்கு உரிமை இருக்கிறது’, ‘கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்’ என்று மனதார நம்பி எடுத்தவரை நேர்மையற்றவர் என்று அது சொல்லாது. ஆக, முதல் வேலை மன்னிப்பதா தண்டிப்பதா என்று யோசிப்பதல்ல. நடந்தது தவறா, திருட்டா என்று கண்டுபிடிப்பது.

அதற்குக் கணக்கைப் பார்க்கத் தெரிய வேண்டும். எண்ணும்போது வரும் பிசகு இரண்டு பக்கமும் வரும். இன்றைக்கு நாற்பது குறைந்தால், நாளை மறுநாள் இருபத்தைந்து கூடும். திருட்டு ஒரு பக்கம்தான் போகும், அதுவும் பெரும்பாலும் நூறு, இருநூறு, ஐந்நூறு என்று முழு நோட்டாக. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், முதலில் யாரையும் பார்க்காதீர்கள், பேரேட்டைப் பாருங்கள். 63 என்பதை 36 என்று மாற்றி எழுதினால் 27 இடிக்கும், 540 என்பதை 450 என்று எழுதினால் 90 இடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும்.

ஒரு கல்லாவில் இரண்டு பேர் கை போனால் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆள், கைமாறும்போது இருவரும் எண்ணிக் கையெழுத்து, அவ்வளவுதான். எண்ணுகிறவருக்கு ‘இவ்வளவு இருக்க வேண்டும்’ என்ற தொகையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால், கூடுதலாக இருப்பது பைக்குள் போய்விடும், கல்லா கச்சிதமாகப் பொருந்தும். மாதம் முழுக்க ஒரு காசு கூடாமல் குறையாமல் நிற்கும் கல்லாவைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. நான் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். பில் போடாமல் வாங்கிய பணத்தைக் கல்லாவிலேயே போட்டு வைத்து, கடைசியில் அந்த உபரியை மட்டும் கணக்காக எடுப்பவருக்குத்தான் அப்படிப் பொருந்தும்.

அடுத்தது கேன்சல் பில்லும் ரிட்டர்னும். ஆள்வாரியாகப் பிரித்து மூன்று வாரத்துக்கு எடுத்துப் பாருங்கள். ஒருவருடைய கேன்சல்கள் மட்டும் கடை மூடும் நேரத்தை ஒட்டி, வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டிய பில் இணைக்கப்படாமல், ரொக்கத்தில் மட்டும் இருந்தால் அது கைத்தவறு அல்ல.

சரக்கு குறைவது இன்னும் ஏமாற்றும். நீல மூடி பாட்டிலில் 12 குறைகிறது என்று குதிப்பதற்கு முன், பச்சை மூடியில் 12 கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், யாரோ பில்லில் ஒரே பொருள் குறியீட்டை அடித்து இரண்டையும் விற்றிருக்கிறார்கள். பெட்டிக் கணக்கில் வந்ததை உதிரிக் கணக்கில் ஏற்றியது, உடைந்ததை எழுதாமல் குப்பையில் போட்டது, வரும்போதே குறைவாக வந்ததை எண்ணாமல் கையெழுத்துப் போட்டு வாங்கியது என்று இவை எல்லாம் திருட்டைப் போலவே முகம் காட்டும். வீட்டில் மோதிரம் காணவில்லை என்றால் இதே நிதானம் வேண்டும். கடைசியாக யார், எப்போது, எங்கே பார்த்தார்கள் என்று எழுதிவிட்டு, அது வழக்கமாக இருக்கும் இடத்தோடு நிற்காமல் மற்ற இடங்களிலும் தேடுங்கள். சந்தேகம் எப்போதும் வீட்டில் இருப்பவர்களிலேயே வசதி குறைந்தவர் மேல்தான் முதலில் போய் உட்காரும். பொருள் அலமாரி இடுக்கில் கிடைத்த பிறகு அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை.

சரி, திருட்டுதான் என்று உறுதியாகிவிட்டது. எப்படிக் கேட்பது? எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். அதே சமயம், கதவைத் தாழிட்ட அறையிலும் கேட்காதீர்கள். உங்களோடு இன்னொருவர் இருக்கட்டும், மூன்றாமவர் வேண்டாம். பையைச் சோதிப்பது, உடம்பைத் தடவிப் பார்ப்பது, வெளியே போகவிடாமல் உட்கார வைப்பது எதுவும் கூடாது. திருட்டுக் கொடுத்தவர் குற்றவாளியாகும் இடம் அது. “நீதானே எடுத்தே?” என்று ஆரம்பித்தால் “இல்லை” என்ற பதில்தான் வரும், அதன் பிறகு அவர் அந்தப் பொய்யைக் காப்பாற்றியே தீர வேண்டும். தாளை முன்னால் வையுங்கள். “இந்த மூணு நாள்ல இந்த ஆறு பில் கேன்சல் ஆயிருக்கு. எப்படின்னு சொல்லுங்க.” பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். “ஒத்துக்கிட்டா விட்டுடறேன்” என்று மட்டும் சொல்ல வேண்டாம். பயத்தில் செய்யாததை ஒத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பதிலாக வருவது பெரும்பாலும் ஒன்றுதான்: “கடனாத்தான் எடுத்தேன், சம்பளம் வந்ததும் வச்சிருப்பேன்.” அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசி 1953இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காட்டினார். வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, எடுக்க வாய்ப்பு, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானம். மூன்றும் கூடினால்தான் கை நீளும். அந்தச் சமாதானங்களில் முக்கியமானது ‘கடன்’. இங்கிலாந்தில் நிறுவனத்தின் பெட்டகத்திலிருந்து பணம் எடுத்த ஒருவர் இதே வாதத்தை வைத்தார். திருப்பி வைக்கப் போவது எடுத்த அதே நோட்டுகள் அல்லவே என்று 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. இந்தியச் சட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. நேர்மையற்று எடுத்தால், தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டுதான்.

‘தவறு’ என்ற சொல் செய்யும் கெடுதல் இங்கேதான் இருக்கிறது. நெருக்கடியை நம்மால் தீர்க்க முடியாது. வாய்ப்பை ஓரளவு அடைக்கலாம். அந்த மூன்றாவது கால், சமாதானம், அதை அவர் ஏற்கெனவே தயாராக வைத்திருக்கிறார். நாம் ‘சின்னத் தவறு’ என்று சொல்லும்போது அதற்கு முத்திரை குத்திக் கையில் கொடுக்கிறோம். அடுத்த முறை அவர் யோசிக்கக்கூட வேண்டாம்.

‘சின்ன’ என்பதும் பார்க்கிறவர் கணக்கு. நூறுக்கு விற்றால் ஐந்து மிஞ்சும் வியாபாரத்தில் ஒரு பொருள் போனால் நஷ்டம் தொண்ணூற்றைந்து. அதை ஈடுகட்ட இன்னும் பத்தொன்பது விற்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடுமையாகத் தண்டிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கடுமைக்கு வரலாறு நல்ல சான்றிதழ் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பன்னிரண்டு பென்ஸ் மதிப்புக்கு மேல் திருடினால் பெருந்திருட்டு, தூக்கு வரை போகும் என்று இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணெதிரே பல மடங்கு விலையுள்ள பொருள் இருக்க, ‘பத்து பென்ஸ்தான் பெறும்’ என்று தீர்ப்பெழுதினார்கள். ஆள் உயிர் தப்பினார், கசையடியோ நாடுகடத்தலோ கிடைத்தது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவர்கள் விலையில் பொய் சொன்னார்கள், செயலில் சொல்லவில்லை. ‘திருடவில்லை’ என்று விடுவிக்காமல் ‘திருடினார், பத்து பென்ஸுக்கு’ என்றார்கள். 1827இல் அந்தப் பெரிது சிறிது என்ற பாகுபாட்டையே எடுத்துவிட்டார்கள். மறுபக்கம், கலிபோர்னியாவில் பழைய குற்றங்கள் இருந்த ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியதற்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று விதிக்கப்பட்ட தண்டனையை 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. யாரும் அதை நியாயம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

நடுவழி இப்போது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டிக்கப்படுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவைதான். குற்றத்தின் பெயர் மாறவில்லை, கை மட்டும் இளகியிருக்கிறது. பசிக்கு எடுத்தது வேறு கணக்கு. கொஞ்சம் பாலாடைக்கட்டியும் சாசேஜும் எடுத்த வீடற்ற ஒருவரை இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2016இல் விடுவித்தது. உடனடித் தேவைக்கு, சிறிதளவு உணவு என்பது காரணம். அவர் தவறுதலாக எடுத்தார் என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை.

மன்னிப்பது என்று முடிவெடுத்தால், முதலில் அது உங்களுடைய பொருளா என்று பாருங்கள். முதலாளி பணத்தை மேலாளர் மன்னிக்க முடியாது. பிறகு திருட்டை அதன் பெயரால் ஒரு முறை, ஒரே முறை சொல்லுங்கள். எடுத்தது முழுசாகத் திரும்ப வர வேண்டும், தவணையில் என்றால் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சம்பளத்தில் சத்தமில்லாமல் பிடிப்பது கூடாது, பல இடங்களில் அது சட்டவிரோதமும்கூட. சில மாதம் பணம் புழங்காத வேலைக்கு மாற்றலாம், எதுவரை என்று அன்றே சொல்லிவிடுங்கள். முடிவு தெரியாத தண்டனைக்கு மன்னிப்பு என்று பெயரில்லை. அதன் பின் ஒவ்வொரு முறை சில்லறை இடிக்கும்போதும் அவர் முகத்தைப் பார்க்கிறவர், மன்னிக்கவே இல்லை.

நான் மன்னிக்கச் சொல்லாத ஒரு வகை உண்டு. தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, தான் எடுத்ததற்கு இன்னொருவர் மேல் பழி விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தவர். அங்கே போனது பணமல்ல, அதைத் திருப்பி வைக்கவும் முடியாது. பழி சுமந்தவரிடம், எத்தனை பேர் முன் பழி சொல்லப்பட்டதோ அத்தனை பேர் முன்னால் உண்மை சொல்லப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு.

குழந்தை எடுத்தால் விஷயம் எளிது. சின்ன வயதில் ‘என்னது’, ‘உன்னது’ இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. எடுத்தது தெரிந்தபின் “எடுத்தியா?” என்று பொறி வைக்காமல், “இது அவங்களோடது, வா, ரெண்டு பேரும் போய்க் கொடுத்துட்டு வரலாம்” என்றால் போதும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வேண்டாம். வயதானவர் விஷயத்தில் எதிர்த்திசையில் யோசிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க நேர்மையாக இருந்தவர் ஐம்பது அறுபது வயதில் திடீரென்று கடைகளில் எடுக்க ஆரம்பித்தால், சுபாவமும் கொஞ்சம் மாறியிருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒரு வகை மறதி நோய் அப்படித் தலைகாட்டும். தேவையே இல்லாத பொருளை அடக்க முடியாத உந்துதலால் எடுக்கும் கிளெப்டோமேனியா மிக அரிது, பிடிபட்டவர்கள் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது கிடையாது.

கடைசியில் ஒரு சங்கடம் மிச்சம் இருக்கும். மன்னித்து அனுப்பியவர் வேறு இடத்தில் வேலை கேட்கிறார், அங்கிருந்து உங்களை விசாரிக்கிறார்கள். பழையதைச் சொன்னால் கொடுத்த மன்னிப்பைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள், ‘நேர்மையானவர்’ என்று எழுதினால் புது முதலாளியை ஏமாற்றுகிறீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை பார்த்தார் என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். இப்படித்தான் எழுதுவேன் என்று போகும்போதே அவரிடமும் சொல்லிவிடுங்கள்.