நாடே ஒன்றாக எழுந்த நேரம்

பிரிட்டனின் மின்கட்டமைப்புக் கட்டுப்பாட்டு அறையில் டிவி பார்ப்பதும் வேலைதான். நான் அங்கே சேர்ந்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. சுவர் முழுக்க நாட்டின் உயரழுத்த மின்பாதைகளைக் காட்டும் பெரிய படம், எல்லோர் கண்ணிலும் படும்படி மின்சாரத்தின் அதிர்வெண் காட்டும் எண் (தேவை உற்பத்தியை மிஞ்சினால் அது இறங்கும்), சற்றுத் தள்ளி வீட்டில் இருப்பது போன்ற ஒரு சாதாரண டிவி. ஷிஃப்ட் மேசையில் அந்த வாரத்து நிகழ்ச்சி நிரல் பத்திரிகை கிடக்கும். முதல் வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு பொறுப்பான இடத்தில் யார் சீரியல் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

காரணம் டீ. இந்த ஊரில் ஒரு நல்ல நிகழ்ச்சி முடிந்ததும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து சமையலறைக்குப் போய் மின்சாரக் கெட்டிலைப் போடுவார்கள். ஒரு கெட்டில் 3 கிலோவாட் வரை இழுக்கும். பத்து லட்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் போட்டால் 3,000 மெகாவாட். கூடங்குளத்தின் முதல் இரண்டு அலகுகளும் முழுத் திறனில் தருவது 2,000 மெகாவாட்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கழிப்பறைக்குப் போகிறவர்கள், அதற்காக ஓடும் தண்ணீர்ப் பம்புகள், பளிச்சென்று எரியும் சமையலறை விளக்குகள். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வந்து விழும். இதற்கு அங்கே ‘டிவி பிக்கப்’ என்று பெயர்.

நான் அதற்கு முன் தமிழ்நாட்டில் லோடு டெஸ்பாட்ச் வேலையில், அதாவது மின்தேவைக்கு ஏற்ப உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் வேலையில், இருந்தவன். நம் ஊரில் லோடு, அதாவது மின்தேவை, திடீரென்று தாவும் நேரம் என்றால் விவசாய பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரம். அது நாமே வைத்த நேரம், நமக்குத் தெரியும். டிவிக்கும் லோடுக்கும் சம்பந்தமே கிடையாது. நம் வீடுகளில் டீ கேஸ் அடுப்பில் கொதிக்கிறது. ஊரே சேர்ந்து சீரியல் பார்த்துவிட்டு எழுந்தாலும் மீட்டருக்கு அது தெரியாது. பிரிட்டனில் தெரிந்தது. அறைகளுக்குள் உட்கார்ந்து மக்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள், எங்கே மூச்சைப் பிடித்தார்கள் என்பதெல்லாம் மின்தேவையைக் காட்டும் ஒரு வரைகோட்டில் பள்ளமும் மேடுமாக விழுவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

எண்களைச் சொன்னால் அளவு புரியும். 1990 ஜூலை 4, உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்ற இரவு, பிக்கப் 2,800 மெகாவாட். இன்றுவரை அதுதான் சாதனை. 2001 ஏப்ரலில் ஈஸ்ட்எண்டர்ஸ் தொடரில் ஃபில் மிட்செலைச் சுட்டது யார் என்று தெரியவந்த இரவு 2,290 மெகாவாட்.

ஈஸ்ட்எண்டர்ஸ் முடியும் விதம் எங்களுக்கு வசதியாக இருந்தது. கடைசி வசனத்துக்குப் பிறகு டம் டம் என்று ஒரு முரசு ஒலி வரும். அதுதான் சைகை. நிரலில் எட்டு மணிக்கு முடியும் என்று போட்டிருக்கும், ஆனால் அரை நிமிடம் முன்னே பின்னே ஆகும். அதனால்தான் அறையில் டிவி ஓட வேண்டியிருந்தது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஏற்றி வைத்திருப்போம், விழும்போது தாங்கிக்கொள்ள. வடக்கு வேல்ஸில் டினோர்விக் தயாராகச் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய சிலேட்டுக்கல் சுரங்க மலைக்குள்ளே குடைந்து கட்டி 1984இல் திறக்கப்பட்ட நீரேற்று மின்நிலையம் அது. நம் கடம்பாறையைப் போலத்தான்: மலிவான இரவு மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்குவது. கடம்பாறை 400 மெகாவாட், டினோர்விக் 1,728. தண்ணீரில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் சுழலிகள் தண்ணீர் பாய்ந்ததும் பன்னிரண்டே விநாடியில் 1,300 மெகாவாட்டைத் தாண்டிவிடும். முரசு ஒலிக்கும், எண் 50.1இலிருந்து இறங்க ஆரம்பிக்கும், மலைக்குள் தண்ணீர் விழும், எண் நிற்கும். யாரும் கவனிக்காமல் நாடு டீ குடிக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு வந்த பெருமிதம் இன்னும் குறையவில்லை.

சரி, கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

அந்த ஷிஃப்டை இந்து, முஸ்லிம், சீக்கிய சகாக்களான நாங்கள் கேட்டே வாங்கிக்கொள்வோம். குடும்பத்தோடு இருக்க வேண்டியவர்கள் இருக்கட்டும் என்று. அன்று ரயில் ஓடாது, லண்டன் சுரங்க ரயிலும் கிடையாது, சாலையில் ஆள் நடமாட்டம் இருக்காது. வேலைக்குப் போனால் அங்கே வரைகோடு வருடத்தில் வேறு எந்த நாளும் காட்டாத உருவத்தில் இருக்கும். மற்ற குளிர்கால நாட்களில் உச்சம் மாலை ஐந்து, ஐந்தரைக்கு. கிறிஸ்துமஸ் அன்று தொழிற்சாலையும் அலுவலகமும் மூடியிருப்பதால் மொத்தத் தேவை குறைவு. உச்சம் நடுப்பகலில், லட்சக்கணக்கான ஓவன்களில் வான்கோழி வேகும் நேரத்தில். சாப்பாடு முடிந்ததும் கோடு சரியும். மூன்று மணிக்கு டிவியில் அரசியின் கிறிஸ்துமஸ் உரை, 2022இலிருந்து அரசரின் உரை. பத்து நிமிடம் கோடு தாழ்ந்து, அப்படியே கிடக்கும். மூன்று பத்துக்கு ஒரு எழுச்சி: கெட்டில், பாத்திரம் கழுவும் இயந்திரம், மிச்ச வேலை.

இந்த மூன்று மணிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் முதல் கிறிஸ்துமஸ் உரையைப் படித்தபோது, பேரரசின் பெரும்பாலான பகுதிகளில் கேட்க வசதியான நேரம் என்று அதைத் தேர்ந்தார்கள். 1957இலிருந்து தொலைக்காட்சியில் வருகிறது. பேரரசு போய்விட்டது, நேரம் மாறவில்லை.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த பொறியாளர் ஒருவர் இருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். டிசம்பர் தொடக்கத்தில் ரேடியோ டைம்ஸ் என்ற நிகழ்ச்சி நிரல் பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இரட்டை இதழ் வந்த அன்றே வாங்கிவிடுவார். வீடுகளிலும் அதுதான் வழக்கம்: குடும்பம் சுற்றி உட்கார்ந்து, எதைப் பார்ப்பது என்று பேனாவால் வட்டம் போடுவார்கள், சண்டையும் போடுவார்கள். இவர் போடும் வட்டம் வேறு. எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடிகிறது, எதிர் சேனலில் அதே நிமிடம் எது முடிகிறது, இரண்டும் சேர்ந்து முடிந்தால் எவ்வளவு வரும் என்று ஓரத்தில் பென்சிலால் மெகாவாட் குறித்துவைப்பார். பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டி, “நாளைக்கு நாடு எப்போ எழுந்திருக்கும்னு இதுலே இருக்கு” என்பார். 1988 கிறிஸ்துமஸ் இதழ் 1 கோடியே 10 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. அவ்வளவு பேர் ஒரே தாளை வைத்துக்கொண்டு ஒரே மாலையைத் திட்டமிட்டார்கள் என்பதை இப்போது சொன்னால் இளம் சகாக்கள் நம்பச் சிரமப்படுகிறார்கள்.

அவர் சொல்லும் கதைகளில் அடிக்கடி வருவது 1986. அந்தக் கிறிஸ்துமஸ் இரவு ஈஸ்ட்எண்டர்ஸில் டென் தன் மனைவி ஆஞ்சியின் கையில் விவாகரத்துப் பத்திரத்தைக் கொடுத்தான். மறுஒளிபரப்பையும் சேர்த்து 3 கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாகக் கணக்கு. நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஐந்தரைக் கோடியைக் கொஞ்சம் தாண்டியதுதான். பாதிக்கு மேல். பணக்காரர் வீடு, தொழிலாளி வீடு, ஸ்காட்லாந்து, கார்ன்வால் என்ற பேதமில்லாமல் மறுநாள் பேச ஒரே விஷயம் இருந்தது.

பிறகு தேய ஆரம்பித்தது. ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் வீடியோ கேசட், 1982இல் நான்காவது சேனல், 1997இல் ஐந்தாவது, அப்புறம் செயற்கைக்கோள் வழியாக நூற்றுக்கணக்கானவை. இவையெல்லாம் கூட்டத்தைப் பிரித்தன, ஆனால் கூட்டம் என்ற ஒன்று இருந்தது. அதைக் கலைத்தது காத்திருக்கத் தேவையில்லை என்ற வசதி. நிகழ்ச்சிகளை நினைத்த நேரத்தில் இணையத்தில் பார்க்க உதவும் ஐபிளேயரை பிபிசி முழுமையாகத் திறந்துவிட்ட நாள் 2007 டிசம்பர் 25. அந்த ஷிஃப்டிலும் நான் இருந்தேன். அன்று வரைகோட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த பத்தாண்டில்தான் தெரிந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு ஒப்பீடு. 2008 கிறிஸ்துமஸ் அன்று வாலஸ், குரோமிட் களிமண் பொம்மைகளின் புதுப்படம் ஒளிபரப்பானது. அன்றிரவே பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 40 லட்சம். பதிவு செய்து பின்னால் பார்த்தவர்களைச் சேர்த்தபோது சுமார் 1 கோடியே 60 லட்சம். 2024 கிறிஸ்துமஸ் அன்று அதே பொம்மைகளின் இன்னொரு புதுப்படம். அன்றிரவு 94 லட்சம் பேர்தான். ஒரு வாரம் கழித்துக் கூட்டினால் மறுபடியும் கிட்டத்தட்ட 1 கோடியே 60 லட்சம்! அன்றே வந்த கேவின் அண்ட் ஸ்டேசி நகைச்சுவைத் தொடரின் கடைசிப் பகுதியும் அப்படித்தான்: அன்றிரவு 1 கோடியே 23 லட்சம், வாரக் கணக்கில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். மக்கள் பார்ப்பதை விடவில்லை. அதே படத்தை, ஏறக்குறைய அதே அளவு பேர் பார்க்கிறார்கள். சேர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஒருவர் ஏழு மணிக்கு, அவர் மகள் பத்து மணிக்கு மாடியில், பக்கத்து வீட்டுக்காரர் 27ஆம் தேதி. நடுவே டீ வேண்டுமென்றால் நிறுத்திவைத்துவிட்டுப் போகிறார்கள். கெட்டில்கள் போடப்படுகின்றன, ஒரே நிமிடத்தில் போடப்படுவதில்லை. முந்தைய ஆண்டான 2023இல் அன்றிரவுக் கணக்கில் முதலிடம் அரசரின் உரைக்கே. ‘பிபிசி ஒன்’ சேனலில் அதைப் பார்த்தவர்கள் 59 லட்சம்.

வரைகோடு மழுங்கியதற்கு டிவி மட்டும் காரணமில்லை. எல்இடி விளக்குகள் வந்துவிட்டன, கூரைச் சூரிய மின்சாரம் பகல் தேவையின் உருவத்தையே மாற்றிவிட்டது. திடீர்த் தேவையைச் சமாளிக்க இப்போது பேட்டரிகள் இருக்கின்றன. ஒரு விநாடிக்குள் பதில் கொடுக்கும். ஆனாலும் பழைய ஆண்டுகளின் கிறிஸ்துமஸ் மாலைக் கோட்டை எடுத்து இப்போதைய கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் எழுந்த அந்தக் கூர்முனைகள் இல்லாததுதான் முதலில் கண்ணில் படும்.

எங்கள் அறைக்கு இது நிம்மதி. தேவை சீராக ஏறி இறங்கினால் எங்களுக்கு வேலை சுலபம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பொறியாளர், மிகவும் கெட்டிக்காரர், என்னிடம் நேராகவே கேட்டார்: “இதுல வருத்தப்பட என்ன இருக்கு? யார் யாருக்கு எப்போ முடியுதோ அப்போ பார்க்கிறாங்க.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அன்று மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர், பஸ் டெப்போ காவலர், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறவர், எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் பழைய ஏற்பாட்டில் எப்போதும் தவறவிட்டவர்கள்தான். இன்று அவர்களும் பார்க்க முடிகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் தனியாக வாழும் வயதானவர்கள் நிறையப் பேர். கிறிஸ்துமஸ் அன்று கடை கிடையாது, பஸ் கிடையாது, பிள்ளைகள் வராவிட்டால் யாரும் கிடையாது. அப்படிப்பட்டவர் மாலை ஏழு மணிக்கு டிவியைப் போட்டால், தெரு முழுக்க எல்லா ஜன்னல்களிலும் அதே வெளிச்சம் அதே நேரத்தில் மாறுவதைப் பார்க்க முடிந்தது. தான் சிரித்த அதே நொடியில் ஊரும் சிரிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ரெக்கார்டு செய்து பார்க்கும்போது அந்தச் செய்தி கிடைப்பதில்லை, நிகழ்ச்சி மட்டும்தான் கிடைக்கிறது. பிக்கப் என்று நாங்கள் சொன்னது லட்சக்கணக்கானவர்கள் ஒரே உணர்ச்சியிலிருந்து ஒரே நொடியில் வெளியே வந்ததன் அளவு. அதை மெகாவாட்டில் அளக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அது குறைவதைப் பார்த்துவிட்டு வேலை சுலபமாகிவிட்டது என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு இந்தியா ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்தபோது தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. நீர்மின் நிலையங்களை வைத்து நம் பொறியாளர்கள் அதைத் தாங்கிப் பிடித்ததை இங்கிருந்து பார்த்து அன்று நிறையப் பேசினோம். ஆனால் அது நாள் குறித்து, நேரம் சொல்லி, பிரதமர் கேட்டுக்கொண்டு நடந்தது. கிறிஸ்துமஸ் மாலைகளில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு நகைச்சுவைத் தொடரின் முடிவு போதுமானதாக இருந்தது.

இப்போது அந்த அறையில் கால்பந்துக்குத்தான் டிவி ஓடுகிறது. உலகக் கோப்பை, யூரோ போட்டிகளில் இங்கிலாந்து ஆடினால் இடைவேளையில் கோடு இன்னும் துள்ளும். முடிவு தெரிந்த ஆட்டத்தை யாரும் அப்புறம் பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸில் எஞ்சியிருப்பது மூன்று மணி உரை மட்டும். அது முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது, யூடியூபிலும் கிடைக்கும். இருந்தும் கணிசமான பேர் இன்றும் மூன்று மணிக்கே உட்கார்கிறார்கள். 2022இல் சார்ல்ஸ் அரசரின் முதல் உரையை எல்லாச் சேனல்களிலும் சேர்த்து 1 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

சென்ற டிசம்பரில் அன்றைய திட்டத்தைத் தயாரிக்கும்போது அந்தப் பெண் பொறியாளர், மூன்று பத்துக்கென்று தனியாக ஒரு சுழலியைத் தயாராக வைத்திருக்க வேண்டுமா, வழக்கமான கையிருப்பே போதாதா என்று கேட்டார். கணக்குப்படி போதும். அந்த எழுச்சி எப்படி இருக்கும் என்று அவர் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காக, அந்த நேரத்துக்கு வரைகோட்டைப் பெரிய திரையில் போடச் சொன்னேன். மூன்று மணிக்குச் சற்று முன்பே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிவியின் ஒலியைக் கூட்டினோம்.