குடுவையில் விளைந்தது டேங்கில் ஏன் கெடுகிறது?

1915-ல் பிரிட்டிஷ் படைக்கு கார்டைட் வெடிமருந்து செய்ய அசிட்டோன் போதவில்லை. மரத்தை வாட்டி வடித்த சரக்கு பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வந்தது. வேதியியலாளர் சைம் வைஸ்மன் மக்காச்சோள மாவை ஒரு பாக்டீரியாவுக்குக் கொடுத்து அசிட்டோன் எடுத்தார். 1917-ல் மக்காச்சோளத்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, அதற்குப் பதிலாக மாவுச்சத்துள்ள குதிரைக் கஷ்கொட்டை என்ற மரக்கொட்டையைப் பொறுக்கப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

அந்தக் கரைசலில் லிட்டருக்கு அசிட்டோன் சுமார் 6 கிராம்தான். கூடவே உண்டாகும் பியூட்டனால் என்ற ஆல்கஹால் 13 கிராமைத் தொட்டால் பாக்டீரியாவே முடங்கிவிடும். ஆக, ஒரு டன் அசிட்டோனுக்கு ஏறக்குறைய 1,65,000 லிட்டரைக் காய்ச்சி வடிக்க வேண்டும். செலவெல்லாம் ஸ்டீமில் போகிறது.

அதனால்தான் இப்படிக் கிருமியை வளர்த்துப் பொருள் எடுக்கும் ஆலைக்கு, வடசென்னையின் தொழிற்பகுதியான மணலியைச் சொல்கிறேன். பாய்லரும் வடிகலமும் ஓட்டிப் பழகிய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து நாளுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் ஆலை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை வளர்க்கும் பயோஇ3 கொள்கைக்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டது. படைக்கு வேண்டிய மருந்து மூலப்பொருளோ என்சைமோ, லேபில் வந்துவிட்டது என்பதால் சப்ளை உறுதியாகிவிடாது. டேங்கில் மாதாமாதம் தவறாமல் வரவேண்டும்.

குடுவையிலிருந்து டேங்குக்குப் போகும்போது முதல் தொல்லை, கிருமிகள் வளரும்போது கிளம்பும் சூடு. கொள்ளளவு 1,000 மடங்கானால் சூட்டை வெளியே விடும் சுவரின் பரப்பு 100 மடங்குதான் ஆகும். புழுக்கமான நாளில் இங்கே கூலிங் டவர் தண்ணீர் 31, 32 டிகிரிக்குக் கீழே இறங்காது. 37 டிகிரியில் வளரும் கிருமிக்குச் சமாளிக்கலாம். 30 டிகிரி கேட்பதற்கு, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் ஆகாது. அடுத்தது காற்று. 30 டிகிரியில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம். அடர்ந்த வளர்ப்பு அதைப் பத்து விநாடிக்குள் தீர்த்துவிடும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கிருமிகள் திணற ஆரம்பித்துவிடும்.

அதிகம் கெடுப்பது சின்னச் சாமான்தான். டேங்கை ஸ்டீமால் கிருமிநீக்கும்போது, சாம்பிள் வால்வுக்குக் கீழே ஸ்டீம் ட்ராப் (ஸ்டீம் குளிர்ந்து ஆகும் தண்ணீரை வெளியேற்றும் சாமான்) அடைத்துக்கொண்டால் அங்கே குழாய் வளையும் முழங்கையில் ஒரு கை தண்ணீர் தேங்கும். மேலே மீட்டர் 121 டிகிரி காட்டும், தேங்கிய தண்ணீர் 90-ஐத் தாண்டியிருக்காது. அதில் பிழைத்த ஸ்போர் (சூட்டைத் தாங்கும் கிருமி வித்து) ஒன்று போதும், இரண்டாம் நாள் மொத்த பேட்ச்சும் சாக்கடைக்குத்தான். வெப்பமானியை டேங்க் நடுவில் மட்டும் வைக்காதீர்கள், அந்த முழங்கையிலும் வையுங்கள். புது லைன் என்றால், கிருமி விதையைப் போடாமல், அதன் உணவுக் கரைசலான ஊடகத்தை மட்டும் கிருமிநீக்கி, காற்றும் கலக்கியும் ஓட 72 மணி நேரம் விடுங்கள். கலங்கினால் எங்கோ கிருமி புகுந்திருக்கிறது, கேஸ்கட்டைக் கழற்றிப் பாருங்கள்.