அப்போ இது எதுக்கு?

மைக்ரோவேவ் அலையால் மார்பகத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு மெஷினை ஆராய்ச்சிக்காகச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஸ்கேன் எடுக்க வந்த ஒரு அக்கா "உங்க அம்மாவுக்கும் இதுல எடுப்பியா பாப்பா?" என்று கேட்டதற்கு "எடுப்பேன்" என்று சொன்னது வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஆனா மேமோகிராமும் எடுக்க வைப்பேன்க்கா" என்று மார்பக எக்ஸ்ரேயையும் சேர்த்தேன். மேசையில் குப்புறப் படுத்திருந்தவர் தலையை மட்டும் திருப்பி, "அப்போ இது எதுக்கு?" என்றார். கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

நான் டாக்டரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. ஆன்டெனா வேலைக்காக இந்த ப்ராஜெக்ட்டில் சேர்ந்தவள். ஸ்கேன் நடக்கும்போது அறைக்குள் ஆண்கள் இருக்கக்கூடாது, எங்கள் டீமில் மற்ற எல்லாரும் ஆண்கள், அதனால் மெஷினை ஓட்டுவது, துணியைப் போர்த்திவிடுவது, பயப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. முதல் இரண்டைப் பழகிக்கொள்ளலாம். மூன்றாவதை யாரும் சொல்லித்தருவதில்லை.

வந்ததிலிருந்தே அவர் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மைக்ரோவேவ் என்றதும் "ஓவன்ல வேகுற மாதிரி வெந்துடாதா?" என்றார். ஓவனில் நூற்றுக்கணக்கான வாட், இதில் வெறும் மில்லிவாட் கணக்கு, காதில் வைத்துப் பேசும் செல்போனை விடக் குறைவு என்றேன். தொடாமலே எப்படித் தெரியும் என்றார். கொழுப்பில் தண்ணீர் கம்மி, கட்டியில் அதிகம், அதனால் அலை அங்கே வேறு மாதிரி சிதறும், ஆன்டெனா சுற்றி வந்து அதைப் பிடிக்கும் என்றேன். அமெரிக்காவில் டார்ட்மவுத் குழுவினர் 2000 வாக்கில் நோயாளிகளிடம் முயன்றபோது மார்பகத்தை ஒரு திரவத்தில் அமிழ்த்தித்தான் பார்த்தார்கள். இப்போது இத்தாலியின் மேமோவேவ் மாதிரியான கருவிகளில் திரவமும் இல்லை, நசுக்கும் தட்டும் இல்லை, காற்றிலேயே இரண்டு ஆன்டெனாக்கள், 1 முதல் 9 கிகாஹெர்ட்ஸ் வரை. எங்களுடையதும் அந்த வழிதான். அதற்கு ஒரு விலை உண்டு, அனுப்பும் சக்தியில் கிட்டத்தட்ட பாதி தோலிலேயே மோதித் திரும்பிவிடும், மிச்சத்தில்தான் எங்கள் பிழைப்பு. அதை அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"எதுக்கு?" என்றதற்கு நான் சொன்னது இது: "நம்ம ஊர்ல நிறைய பேருக்குச் சின்ன வயசுலயே வருதுக்கா. அந்த வயசுல மார்பகம் அடர்த்தியா இருக்கும். மேமோகிராம்ல அடர்த்தியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, அதனால தவறிப்போகும். அந்த இடத்துலதான் இது உதவும்." ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்தைத் தமிழில் ஒப்பித்தேன், அவ்வளவுதான். அவரும் "ஓ" என்று தலையைக் குனிந்துகொண்டார். ஸ்கேன் முடிந்தது.

பொய் எதுவும் சொல்லவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் ஐம்பதைத் தாண்டியவர். வயது ஏற ஏற அடர்த்தி பொதுவாகக் குறையும், மேமோகிராம் நன்றாக வேலை செய்யும் வயது அது. அவர் தனக்காகக் கேட்டார், நான் வேறு யாரோ ஒரு முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்காவது அது சரியான பதிலா? 2007இல் விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களின் மின் பண்புகளை (அலை எப்படிச் சிதறும் என்பதை முடிவு செய்பவை) அளந்து ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். கொழுப்போடு ஒப்பிட்டால் கட்டிக்கு வித்தியாசம் பத்து மடங்கு வரை. சுரப்பித் திசுவோடு ஒப்பிட்டால் சுமார் 10 சதவீதம்தான். அடர்த்தி என்பதே அந்தச் சுரப்பித் திசுவும் நார்த்திசுவும்தான். அதாவது மேமோகிராம் திணறும் அதே இடத்தில் எங்களுக்கும் வெளிச்சம் குறைவு. இதைப் படிக்காதவர்கள் எங்கள் துறையில் கிடையாது, படித்த பிறகும் எல்லாரும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறோம். அதன் பிறகு மருத்துவமனைகளில் எடுத்துப் பார்த்தவர்கள் அடர்த்தியான மார்பகங்களிலும் கட்டி பிடிபடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே நான் சொன்னது தப்பு இல்லை, உறுதியும் இல்லை. குப்புறப் படுத்திருக்கும் ஒருவரிடம் பத்து மடங்கு, பத்து சதவீதம் என்று விளக்க முடியுமா? முடியாது. விளக்காமல் "உதவும்" என்று சொல்லலாமா? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன்.

வெளியே வந்து உடை மாற்றிக்கொண்டே போனில் யாரிடமோ, "எடுத்தாச்சு, வலிக்கவே இல்ல, கிளம்பிட்டேன்" என்றார். கீழே அவருக்கு மேமோகிராம் போட்டு வைத்திருந்தார்கள். "கீழ ஒண்ணு இருக்குக்கா" என்றேன். "இன்னொரு நாள் வரேன் பாப்பா, அங்க கூட்டமா இருக்கு. அதுவும் இல்லாம அதை எடுத்தாலே அடுத்து அடையாறுன்னு சொல்லிடுவாங்க." அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை 1954இல் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்தார். எத்தனையோ பேரைக் காப்பாற்றிய இடம். ஆனால் எங்கள் பக்கத்துத் தெருக்களில் அந்தப் பேரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அவருடைய பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன், ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள் என்றார். அதன் பிறகு வந்தாரா இல்லையா என்பது என் கைக்கு வராது, எங்களுக்கு வருவது பெயர் இல்லாத எண்கள் மட்டும்தான். அது சரியான ஏற்பாடும்கூட.

எங்கள் கைடிடம் வரிசையை மாற்றலாமே என்றேன், முதலில் மேமோகிராம், அப்புறம் நாங்கள். அங்கே நசுங்கி வலியோடு வருகிறவர்கள் மறுபடி ஒரு மேசையில் குப்புறப் படுக்கச் சம்மதிப்பார்களா என்றார். ஊசி போட்டுத் திசு எடுத்துவிட்டால் உள்ளே ரத்தம் கட்டி எங்கள் சிக்னலும் மாறிவிடும், அதனால் நாம் முதலில் இருப்பதுதான் நல்லது என்றார். இரண்டும் நியாயம்தான். மேமோகிராம் எடுக்கும் அன்றே ஊசி போடுவதில்லையே என்றேன், அதற்குச் சிரித்தார்.

டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்காரர்கள் மும்பையில் இருபது வருடம் நடத்திய ஆய்வு 2021இல் வந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்ததிலேயே, ஐம்பதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிப் பலன் தெரியவில்லை. அக்காவின் வயதுக்குக் கையே போதுமான அளவு வேலை செய்திருக்கிறது. நாங்கள் கொடுக்கும் தகவல் தாளிலோ பெரிய எழுத்தில், "தொடுதல் இல்லை, வலி இல்லை, எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை". மூன்றும் உண்மை. அந்த மூன்றைப் பார்த்துத்தான் அவர் வந்தார், பல வருடமாக மேமோகிராமைத் தள்ளிப்போட்டவர். இந்தத் தாள் இல்லாவிட்டால் மருத்துவமனை வாசலுக்கே வந்திருக்க மாட்டார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். வந்தும் அந்த மாடிப்படிக்குக் கீழே இறங்கி நிற்கவில்லையே என்று உடனே நானே மறுத்தும் பேசுகிறேன்.

அதே எழுத்தின் அளவில் நான்காவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: "இதை எடுத்தாலும் மேமோகிராம் எடுக்க வேண்டும்." ஆள் வருவது குறையும் என்று டீமில் முணுமுணுக்கிறார்கள், குறையலாம். தாளில் ஒரு எழுத்தை மாற்றினாலும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும், அவர்கள் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பழைய தாள்தான் போகிறது. நான்காவது வரியை வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன், "அப்போ இது எதுக்கு?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் வேறு வேறு பதில் சொல்கிறேன்.