சேற்று விளிம்பு

காட்டு ஒற்றையடிப் பாதை ஈரநிலத்தைத் தொடும் இடத்தில், கோரையும் நாணலும் தொடங்குவதற்கு முன் சில அடி அகலத்துக்கு வெறும் சேறாகக் கிடக்கும் பகுதியைத்தான் என் கண் முதலில் தேடும். இரவிலும் அந்தி சந்தியிலும் நீருக்கு வந்து போகும் பாலூட்டிகளின் நடமாட்டத்தை, விடிந்த பிறகு அந்தச் சேற்றில்தான் படிக்க முடிகிறது.

நாயின் தடத்தில் நகக்குறி இருக்கும், பூனைக் குடும்பத்தின் தடத்தில் இருக்காது என்பதே தடம் பார்ப்போர் கற்கும் முதல் பாடம். மீன்பிடிப் பூனை அதற்கு அடங்காது. அதன் நகங்கள் முழுவதுமாக உள்ளே மடங்குவதில்லை என்பதால், இளகிய சேற்றில் நகநுனியும் பதியக்கூடும். இதை அறியாத நாள்களில் எத்தனை தடங்களை நாயுடையவை என்று கடந்து வந்தேனோ என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

நீர்நாயைத் தேடுவோர் கரையோரப் பாறைகளைப் பார்க்க வேண்டும். மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த கழிவை அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இட்டு, அதன் வாடையால் மற்ற நீர்நாய்களுக்குத் தன் இருப்பை உணர்த்துகிறது. சீல் என்னும் கடல் விலங்குக்கு இருப்பதுபோல் தடித்த கொழுப்புப் படலம் இல்லாமல், அடர்ந்த உள்மயிரில் சிறைப்படும் காற்றைக்கொண்டே குளிரைத் தாங்கும் விலங்கு அது. உடல் வெப்பத்தைக் காக்க அது நிறைய உண்டே ஆக வேண்டும். நீர் கெட்டு மீன் குறைந்தால் அதனால் நெடுநாள் தாக்குப்பிடிக்க இயலாது.

யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரட்டித்தால் அதன் தோள் உயரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். காட்டுப்பன்றி சேற்றில் புரண்டு சென்ற வழியை, மரத்தில் அது உரசி அப்பிய சேறே காட்டும்.

ஈரநிலம் என்றதும் நம் நினைவு பறவைகளிடமே போகிறது. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் முழுப்பெயர்கூட நீர்ப்பறவைகளின் வாழிடத்தையே சிறப்பித்துச் சொல்கிறது. அந்த அக்கறை நியாயமானது. ஆனால் பறந்து வந்து இறங்க இயலாத உயிர்களுக்கு, காட்டிலிருந்து நீருக்கு நடந்து வரும் வழியும் மனித நடமாட்டமின்றி இருந்தாக வேண்டும். கரையைச் சுற்றிலும் நடைபாதை போடுவதை நான் எதிர்ப்பது இதனால்தான். பாதை ஓரிடத்தில் மட்டும் நீரருகே வந்து, பார்த்தபின் காட்டுக்குள்ளேயே திரும்பிவிடட்டும். எஞ்சிய கரையில் மனிதத் தடமே விழ வேண்டாம்.