பிளஸ் ஒன் பசங்ககிட்ட கரியர் ஸ்கேல் குடுக்கப் போறீங்களா, நான் பட்டத படிச்சிட்டு போங்க

எம்.எட்ல இதே டாபிக் எடுத்திருக்கற ஜூனியருங்க ரெண்டு மூணு பேரு போன் பண்ணி கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன். நான் பார்த்தது கேரளாவுல பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்துல பத்து முடிச்சிட்டு பிளஸ் ஒன் சேர்ந்த பசங்கள.

ஸ்கேல் பேரு கரியர் டிசிஷன் செல்ஃப் எஃபிகசி ஸ்கேல், அதாவது என்ன வேலைக்கு போறதுன்னு தன்னால முடிவெடுக்க முடியும்ங்கற தன்னம்பிக்கைய அளக்கற கேள்வித்தாள், டெய்லரும் பெட்ஸும் 1983ல போட்டது. அப்ப 50 கேள்வி, 1996ல வந்த சுருக்கத்துல 25. தன்னைப் புரிஞ்சுக்கறது, வேலைங்களப் பத்தி தகவல் தேடறது, இலக்கு வைக்கறது, பிளான் போடறது, சிக்கல் வந்தா சமாளிக்கறதுன்னு அஞ்சு பகுதி, ஒண்ணுக்கு அஞ்சு கேள்வி, எவ்ளோ நம்பிக்கை இருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் 1லருந்து 5 வரைக்கும் டிக் அடிக்கணும். ஸ்கேல யூஸ் பண்ண பர்மிஷன மொதல்லயே வாங்கிடுங்க, கடைசி நேரத்துல அலையாதீங்க.

எனக்கு அடி விழுந்தது மொழிபெயர்ப்புல தான். இது அமெரிக்க காலேஜ் பசங்களுக்குன்னு எழுதினது, மேஜர்னு (காலேஜ்ல எடுக்கற முக்கிய பாடம்) வரும், ரெஸ்யூம்னு வரும். கரியருக்கு நான் அழகா "தொழில்"னு போட்டுட்டு போனேன். ஒரு பொண்ணு எந்திரிச்சு, "எங்க வீட்ல தொழில் ஒண்ணும் இல்லீங்க டீச்சர், அப்பா தென்னந்தோப்புல கூலிக்கு போறாரு, நான் இத எழுதவா வேண்டாமா"ன்னு கேட்டா பாருங்க, அந்த நிமிஷமே என் கருவி செத்துப்போச்சு. திரும்ப வந்து "படிச்சு முடிச்சு நீ போகப்போற வேலை"ன்னு மாத்தினேன், ரெஸ்யூம பயோடேட்டா ஆக்கினேன், வேற ஒருத்தர வெச்சு திருப்பி இங்கிலீஷுக்கு மாத்தச் சொல்லி ஒத்துப்பார்த்து மறுபடி கொஞ்சம் பசங்கள வெச்சு பைலட் (சோதனை ரவுண்டு) போட்டேன், ஒரு மாசம் போச்சு.

இன்னொண்ணு, இதுல எதிர்மறை கேள்வியே ("என்னால முடியாது"ங்கற மாதிரி மாத்திக் கேக்கறது) கிடையாது. கிளாஸ் டீச்சர் பக்கத்துல நின்னா பசங்க மேலருந்து கீழ வரைக்கும் ஒரே நம்பர, 4 4 4னோ 3 3 3னோ டிக் அடிச்சிட்டு போயிடுவாங்க, யோசிச்சு அடிச்சதா சும்மா அடிச்சதான்னு கண்டுபிடிக்கவே முடியாது. போதாக்குறைக்கு அப்படி அடிச்சா ஆல்ஃபா (கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு காட்டற நம்பர்) வேற நல்லா ஏறும், நீங்களும் ஸ்கேல் சூப்பர்னு சந்தோஷப்படுவீங்க (நான் பட்டேன், கைடு சிரிச்சாரு). டீச்சர வெளிய இருக்கச் சொல்லுங்க, கூச்சப்படாம.

அப்புறம் இந்த ஸ்கேல் அளக்கற தன்னம்பிக்கை வேற, முடிவெடுக்க தயாரா இருக்கற நிலை வேற. ரெண்டாவதுக்கு கிரைட்ஸோட கரியர் மெச்சூரிட்டி இன்வென்டரி மாதிரி தனியா ஒண்ணு வெக்கணும், ஒரே மார்க்க வெச்சு ரெண்டையும் சொல்லிட முடியாது.

இலக்கு பகுதில அஞ்சுக்கும் 5 போட்ட ஒரு பையன், பின்னாடி பெஞ்சு, தனியா கூப்ட்டு கேட்டேன். "பிளஸ் ஒன் அலாட்மென்ட்ல ஹியூமானிட்டிஸ் தான் கெடச்சுது டீச்சர், கோயமுத்தூர்ல சேர்க்க வீட்ல காசில்ல, இனி நான் முடிவு பண்ண என்ன இருக்கு, அதான் 5"ன்னான். முடிவெடுக்க ஒண்ணுமே மிச்சமில்லாதவன் தான் என் டேட்டால டாப் ஸ்கோர். அதனால முடிஞ்சா பத்தாங்கிளாஸ்லயே, பிளஸ் ஒன்ல எந்த குரூப் வேணும்னு ஆப்ஷன் குடுக்கறதுக்கு முன்னாடி எடுங்க. பிளஸ் ஒன் தான்னா பேரு, வயசு கேக்கற ஷீட்டுல "நீ இப்ப படிக்கறது உன்னோட மொத ஆப்ஷனா?"ன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க, நான் சேர்க்கல.