சிவப்புக் கால்சட்டை

சென்ற மாதம், தோள்பையின் அறுந்துபோன வாரைத் தைப்பதற்காகச் செருப்புத் தைப்பவர் ஒருவரின் சிறிய கடை வாசலில் நின்றிருந்தபோது, எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் குவித்து வைத்திருந்த தோல் துண்டுகளின்மீது சாரல் அடித்து, ஈரத்தோலின் கனத்த வாடை எழுந்த அடுத்த நொடியே நான் மதுரையில், வைகை மணலில், ஆறு வயதுச் சிறுவனாக இருந்தேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாள். வேடமிட்ட பக்தர்கள் தோப்பறை எனப்படும் தோல் தண்ணீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சியடிக்க, அம்மாவின் கையை விட்டுவிட்ட நான், சிவப்புக் கால்சட்டையுடன், பலூன்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருக்கிறேன். இந்தக் கதையை வீட்டு விசேஷங்களில் பலமுறை நானே சொல்லியிருக்கிறேன். ஆனால், நான் கூப்பிடாமலேயே அது என்னைத் தேடி வந்தது அன்றுதான்.

வாடைக்கு இந்த ஆற்றல் இருப்பதற்கு மூளையின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மூளையின் மேற்புறணிக்குப் போகின்றன. வாடை அங்கே நிற்பதில்லை. மூக்கிற்கு மேலே இருக்கும் நுகர்ச்சிக் குமிழிலிருந்து, உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்கும், ஹிப்போகாம்பஸின் வாயிற்படி போன்ற பகுதிக்கும் அது நேராகச் சென்றுவிடுகிறது. ஹிப்போகாம்பஸ் என்பது இரு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த, கடற்குதிரையைப் போல வளைந்த சிறிய உறுப்பு. நாம் வாழ்ந்த நிகழ்ச்சி முழுவதும் அதற்குள் சேமிக்கப்படுவதில்லை. மணலின் சூடு ஓரிடத்திலும், கொட்டுச் சத்தம் இன்னோரிடத்திலும், கூட்டத்தின் வண்ணங்கள் வேறோரிடத்திலுமாகப் பதிந்திருக்க, இவை எல்லாம் ஒரே பொழுதில் நேர்ந்தவை என்ற முடிச்சைத்தான் ஹிப்போகாம்பஸ் போட்டு வைக்கிறது. வலையின் ஒரு நுனி கையில் கிடைத்தால் இழுக்க இழுக்க முழு வலையும் கரைக்கு வருவதைப்போல, ஒரு துண்டு கிடைத்தால் போதும், அது மற்றவற்றையும் எழுப்பிவிடுகிறது.

இது வெறும் உவமை அன்று என்பதற்கு 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு சான்றாக இருக்கிறது. அமெரிக்காவில் இட்ஸாக் ஃப்ரைட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மெல்லிய மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளுக்குச் சில நொடிகளே ஓடும் காணொளித் துணுக்குகளைக் காட்டினார்கள். சற்று நேரத்துக்குப் பிறகு, எந்தத் துணுக்குகள் நினைவுக்கு வருகின்றன என்று கேட்டார்கள். ஒரு குறிப்பிட்ட துணுக்கைப் பார்த்தபோது துடித்த அதே நரம்பணு, அந்தத் துணுக்கை அவர்கள் வாய் திறந்து சொல்வதற்குச் சற்று முன்பே மறுபடியும் துடித்தது. எனக்கு இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

எனினும், கடை வாசலில் எனக்குத் தோன்றிய காட்சியில் ஒரு பிசகு இருந்தது. அதில் நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகிற முகமும் கால்சட்டையின் நிறமும், எதிரே சில அடி தள்ளி நிற்பவருக்குத் தெரிவதுபோல் தெரிந்தன. அன்று என் கண்கள் என் முகத்தை எப்படிப் பார்த்திருக்கக்கூடும்? இப்படி வெளியிலிருந்து பார்க்கும் நினைவுகளைப் பற்றி உளவியலாளர்களான ஜார்ஜியா நிக்ரோவும் உல்ரிக் நைசரும் 1983இலேயே எழுதியிருக்கிறார்கள். நிகழ்ச்சி பழையதாக ஆக ஆக இவ்வாறு நினைவுகூர்வது கூடுகிறது என்பது அவர்கள் கண்டது.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். தொலைந்தவன் நான்தான் என்றும், கண்டுபிடித்தவள் தான்தான் என்றும் ஒப்புக்கொண்ட அக்கா, நான் போட்டிருந்தது பள்ளிக்கூடத்து நீலக் கால்சட்டை என்று அடித்துச் சொன்னாள். பழைய ஆல்பத்தைப் புரட்டியபோது குட்டு வெளிப்பட்டது. சிவப்புக் கால்சட்டையில் நான் விறைப்பாக நிற்கும் ஸ்டூடியோப் படம் ஒன்று இருக்கிறது. அது அந்த ஆண்டுத் தீபாவளிக்குத் தைத்த கால்சட்டை. ஐப்பசியில் வந்த தீபாவளிக்குத் தைத்ததை, அதற்கு முன்பே முடிந்துபோன சித்திரையில் போட்டுக்கொண்டு நான் எப்படித் தொலைந்திருக்க முடியும்? படத்திலிருந்த நிறத்தை எடுத்து என் மூளை ஆற்றுமணலில் ஒட்டியிருக்கிறது.

இதில் எனக்கு நிறையத் துணை உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த மறுநாள் காலையில், அந்தச் செய்தியை எங்கே, யாரோடு இருந்தபோது அறிந்தார்கள் என்று அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் நைசர் எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது, 11 பேர் முக்கியமான விவரங்கள் எல்லாவற்றையுமே தவறாகச் சொன்னார்கள். முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் மூவர் மட்டுமே. தவறாகச் சொன்னவர்களிடமும் உறுதிக்குக் குறைவில்லை. தாங்கள் எழுதிய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை என்பதுதான் என்னை மிகவும் உலுக்கியது.

2000ஆம் ஆண்டில் கரீம் நாடர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எலிகளிடம் நடத்திய சோதனை இதற்கு ஒரு விளக்கத்தைத் தருகிறது. ஓர் ஒலியைக் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று அஞ்சக் கற்றிருந்த எலிகளுக்கு, அந்த ஒலியைக் கேட்கச் செய்து அச்சத்தை எழுப்பியவுடன், புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்து அமிக்டலாவில் செலுத்தப்பட்டது. அந்த அச்சம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நினைவை எழுப்பாமல் அதே மருந்தைச் செலுத்தியபோது அச்சம் அப்படியே இருந்தது. அதாவது, எழுப்பப்பட்ட நினைவு சிறிது நேரம் ஈரமண்ணாக இளகி, மறுபடியும் இறுக வேண்டியிருக்கிறது. எலியின் அச்சத்திலிருந்து மனிதரின் திருவிழா நினைவுக்குத் தாவுவது பெரிய தாவல்தான் என்றாலும், விசேஷத்துக்கு விசேஷம் நான் கதை சொன்னபோதெல்லாம் ஏதோ ஒன்று அதில் ஒட்டியிருக்கும் என்று நம்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். வழக்கைத் தீர்க்க இருவருமாக அம்மாவிடம் போனோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “தொலைஞ்சது நீ இல்லடா, அவதான். நீ சித்தப்பா தோள்ல தூங்கிட்டிருந்த” என்றாள்.

அக்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.