தண்டவாளம் வேண்டாம் மாப்ள

அக்கா பையன் விஸ்காம் ரெண்டாவது வருஷம். ஞாயித்துக்கிழமை குறும்பட ஷூட்டிங்காம். "மாமா, ஹீரோ தண்டவாளத்துல நடந்து வர்றான். ஒரே ஷாட், அஞ்சு நிமிஷம்தான்"னு ஸ்கிரிப்டை நீட்டினான்.

அனுமதியில்லாம தண்டவாளத்துல இறங்கினா ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், 1000 ரூபாய் வரைக்கும் அபராதம். அதை விடுங்க. 2014-ல அமெரிக்காவுல, ஜார்ஜியா பக்கம், ரயில் நிறுவனம் அனுமதி மறுத்தும் ஒரு படக்குழு பாலத்து மேல கட்டிலைப் போட்டு ஷாட் வச்சாங்க. ரயில் வந்துடுச்சு. சாரா ஜோன்ஸ்னு 27 வயசு கேமரா உதவியாளர், அங்கேயே போயிட்டாங்க. இயக்குநர் ஜெயிலுக்குப் போனார். இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அப்புறம் ஸ்கிரிப்ட்ல ஒரு டீ மாஸ்டர். அதுல நிஜ டீக்கடை மாஸ்டரையே நடிக்க வைக்கப் போறானாம்.

"அவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன் மாமா, ஓகேன்னுட்டார்."

"கதையில அவர் கஞ்சா விக்கிறவர்னு சொன்னியா?"

முழிக்கிறான். நாளைக்கு அவர் கடைக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?

தண்டவாளத்துக்குப் பதிலா வாய்க்கால் வரப்புன்னு முடிவாச்சு. ரயில் சத்தத்தைப் பின்னாடி சேத்துக்கலாம். டீ மாஸ்டர்தான் கதையைக் கேட்டுட்டு யோசிச்சு சொல்றேன்னிருக்கார்.